உப்பு தின்ற வயர்

ஆம்பூர் மெக்கானிக் ஃபீபிக்கு வண்டிக்காரர் சொல்வது காதில் ஏறாது. மீட்டர் சொன்னால்தான் நம்புவாள். தோல் ஷெட்டில் தோலுக்கு உப்புத் தடவும் டைட்டஸ், பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“பேட்டரி மறுபடியும் போய்டுச்சும்மா. இது மூணாவது!”

ஃபீபி கிக்கரை உதைத்து ஆக்ஸிலேட்டரை முறுக்கினாள். பேட்டரியில் வைத்த மீட்டரில் எண் ஏறவேயில்லை.

“பேட்டரி இன்னா பண்ணும்? சார்ஜே வந்து சேரல.”

சீட்டைத் தூக்கினாள். வேலை முடிந்ததும் உப்பேறிய ஏப்ரனை அங்கேதான் தினமும் சுருட்டி வைப்பார் டைட்டஸ். அந்த உப்பு எர்த் வயரை அரித்துத் தின்றிருந்தது.

“வண்டிய உப்புக்கண்டம் போட்டுட்டு பேட்டரிய திட்றீங்களே, அண்ணே!”

புது வயர் மாட்டி, திரும்பவும் கிக்கரை உதைத்ததும் எண் பதினாலு வோல்ட்டுக்குத் தாவியது. டைட்டஸின் கை, ஏப்ரனோடு மறுபடியும் சீட்டுக்கடியில் போனது. ஃபீபி முறைத்தாள்.

ஏப்ரனை இடுப்பிலேயே கட்டிக்கொண்டு, இத்தனை நாள் ஊமையாய்க் கிடந்த ஹாரனைத் தெரு முழுக்க அலறவிட்டபடி போனார்.