மேடையில் விழுந்த மூன்று முடிச்சு

அறுபதுகளின் கடைசியில் காஞ்சிபுரத்தைச் சுற்றி எந்தத் தெரு வாலிபர்கள் நாடகம் போட்டாலும் கதாநாயகியாக நான்தான் போவேன். கதாநாயகன், வில்லன், போலீஸ், டாக்டர் எல்லாரும் அந்தத் தெருப் பிள்ளைகளாகவே இருப்பார்கள். பெண் வேஷத்துக்கு மட்டும் வெளியாள் வேண்டும். தன் வீட்டுப் பெண்ணை மேடையேற்ற எந்தத் தகப்பனுக்கு மனசு வரும்? ஆர்மோனியம் வாசித்த என் அப்பாவுக்கு வந்தது. அதனால் பாவாடை தாவணி வயதிலிருந்தே கூரத்தில் தங்கையாகவும், திருப்புட்குழியில் ஏழைப் பெண்ணாகவும் ஊர் ஊராக அழுதுகொண்டிருந்தேன்.

ஒத்திகை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. மத்தியானம் பஸ்ஸில் போய் இறங்குவேன். ஒரு தடவை வசனம் பார்ப்போம். சாயங்காலம் மேடை. கதாநாயகனுக்கு வசனம் மறந்துபோகும் என்பது நிச்சயம் என்பதால் அவன் பாடத்தையும் நானே நெட்டுருப் போட்டு வைத்திருப்பேன். அவன் திருதிருவென்று விழித்தால், "நீங்கள் சொல்ல வருவது எனக்குப் புரிகிறது அத்தான்" என்று தொடங்கி, அவன் பேச வேண்டியதையும் சேர்த்துப் பேசிவிடுவேன். கைதட்டல் அவனுக்குப் போகும். போகட்டும், அவன் ஊர்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறார். கல்யாணக் காட்சியில் தாலியைக் கழுத்தில் வைக்கலாம், முடிச்சு மட்டும் போடக் கூடாது. கயிற்றின் நுனிகளைப் பின்னலுக்குக் கீழே ரவிக்கைக்குள் செருகிவிட வேண்டும். பூ விழும், மேளம் கொட்டும், திரை இறங்கும். கல்யாணமாகாத நடிகைகள் எல்லாருமே அப்போது இப்படித்தான் சொல்லி வைப்போம். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. பெண் கேட்டு ஒருவரும் படியேறியதில்லை. இருந்தாலும் சொல்லித்தான் வைத்தேன்.

அந்தப் பொங்கலுக்கு ஒரு நெசவுத் தெருவில் நாடகம். கதாநாயகன் தறியில் உட்காருகிற பையன். தை கடைசியில் அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை நடிக்கிறார் என்று ஓரிக்கையிலிருந்து பெண் வீட்டார் குடும்பத்தோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பையனுக்கு அதிலேயே பாதி உயிர் போய்விட்டது.

விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில் கல்யாணக் காட்சி வந்தது. தாலியைத் தட்டிலிருந்து எடுக்கவே அவன் தடுமாறினான். கயிற்றின் இரண்டு நுனியும் விரலுக்குள் வந்ததும் தடுமாற்றம் நின்றுவிட்டது. தறியில் பாவு நூல் அறுந்தால் தறிக்காரர்கள் பேச்சைக்கூட நிறுத்தாமல் முடிந்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். அவன் விரல்களும் அதைத்தான் செய்தன. கழுத்தோடு ஒட்டி இழுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று முடிச்சு. பிறகுதான் அவனுக்கே உறைத்தது.

"போட்டுட்டேன்மா" என்றான் என் காதருகில், அழாக்குறையாக.

திரை இறங்கியதும் பெண்ணின் அப்பா மேடைக்குப் பின்னால் வந்து நின்றார். "மூணு முடிச்சு போட்டாச்சு. ஊரே பாத்துக்கினு இருந்துது. என் பொண்ண ரெண்டாந்தாரமாவா குடுக்கிறது?"

பையனின் அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். இந்தப் பையனோடு என்னைச் சேர்த்துக் கட்டிவிடுவார்களோ என்று எனக்குப் பயம். அப்போது அந்தத் தெருப் பெரியவர் குறுக்கே வந்தார்.

"அட, இன்னாய்யா நீ. அவ நாடகக்காரி. அவ கழுத்துல கட்டினா கணக்குல வராது."

எல்லார் முகத்திலும் தெளிவு வந்தது. என் பயமும் போயிருக்க வேண்டும். போய்விட்டது, ஆனால் அந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது. பையன்மேல் எனக்கு எள்ளளவும் ஆசை கிடையாது. ஆனால் என் கழுத்து மட்டும் எப்படிக் கழுத்தில்லாமல் போனது?

அவிழ்க்கப் பார்த்தேன், தறிக்காரன் முடிச்சு அசையவில்லை. "கணக்குல வராதுன்னா நீங்களே வெட்டிடுங்க பெரியவரே" என்று தலையைக் குனிந்தேன்.

கத்தரி வந்தது. வாங்கிய பெரியவர் பக்கத்தில் வந்து, கொஞ்சம் நின்று, "நீ வெட்டும்மா" என்று பையனின் அம்மாவிடம் நீட்டினார். "ஐய, எனக்கு வேணாம்பா" என்று அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். கத்தரி கை மாறிக் கை மாறிப் போனது. தாலி அறுத்த பாவம் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. எனக்குச் சிரிப்புகூட வந்தது.

"தள்ளுங்க" என்று ஒரு குரல். அவனுக்கு நிச்சயமான பெண். அப்பா பேர் சொல்லி அதட்டியும் திரும்பாமல் என் முதுகுப்பக்கம் வந்து உட்கார்ந்தாள். வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி முடிச்சுக்குள் விட்டு மெள்ள நெம்பினாள்.

"எதுக்கும்மா சிரமம்? அதான் கணக்குல வராதுன்னு சொல்றேனே" என்றார் பெரியவர்.

"வராதுன்னா நீங்க ஏன் மாமா வெட்டல?"

அவள் என்னிடம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "நாளைக்கு உங்களுக்கு நெஜமா ஒருத்தர் கட்டுவாரு இல்லக்கா, அப்போ இது அறுத்த கழுத்தா இருக்கக் கூடாது. அதான் அவுக்கிறேன். வலிச்சா சொல்லுங்க."

வலிக்கவில்லை. ஆனால் பவுடர் கரைந்து வழிகிற அளவுக்கு அழுதேன். மூன்றையும் அவிழ்த்து, கயிற்றை நீவிச் சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டு அவள் முன்வரிசைக்குப் போய்விட்டாள். மீதி நாடகமும் நடந்தது. தை கடைசியில் அவர்கள் கல்யாணமும் நடந்தது.

அதற்குப் பிறகும் பல வருஷம் மேடையில் இருந்தேன். நிஜமாகக் கட்ட யாரும் வரவில்லை. வருவார் என்று என்னைப் பெற்றவர்கூட ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னவள் அந்த ஓரிக்கைப் பெண் ஒருத்திதான்.