ஐந்தாம் திரைக்குச் சாவி இல்லை

பெட்டியக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கிவிடும். அந்த வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்குத் தியேட்டர் மேனேஜர் முன்னால் நின்றபோது, அவள் பேசியது அவருக்கே சரியாகக் கேட்கவில்லை.

"என் படம் ரெண்டாவது ஸ்கிரீன்னுதானே பேச்சு?"

"பெரிய படத்துக்குக் கூட்டம் பிச்சுக்கிட்டுப் போகுதுக்கா. அதான் உங்களை அஞ்சாவது ஸ்கிரீனுக்கு மாத்திட்டோம். எதுல ஓடினா என்ன?"

எதில் ஓடினால் என்னவாம்! ஹார்ட் டிஸ்கில் வரும் படம் பூட்டித்தான் வரும். அதைத் திறக்கும் சாவியை, படத்தைப் பிரதி போட்டுத் தரும் லேப் ஈமெயிலில் அனுப்பும். எந்தத் திரையின் மெஷினுக்குக் கேட்டோமோ அதில் மட்டும்தான் அந்தச் சாவி வேலை செய்யும். இருபது வருடமாகத் தியேட்டரில் குப்பை கொட்டும் மனுஷனுக்கு இது தெரியாதாம்.

இதில் அவள் பங்கும் இருந்தது. அதுதான் இன்னும் எரிந்தது. "அஞ்சு ஸ்கிரீனுக்கும் சேத்தே சாவி போட்டுடவாக்கா?" என்று லேப்காரர் போன வாரமே கேட்டார். "கண்டவன் கையிலயும் சாவியைக் குடுக்கச் சொல்றியா?" என்று அவர்மேல் பாய்ந்தது இவள்தான். இவள் முதன்முதலில் ரிலீஸ் செய்த படத்தை ஒரு தியேட்டர்காரன் சொல்லாமல் கொள்ளாமல் நான்கு காட்சி கூடுதலாக ஓட்டிக்கொண்டான். அன்றிலிருந்து அவள் எவனையும் நம்புவதில்லை.

லேப்புக்குப் போன் போட்டாள். புதுச் சாவி வர நாற்பது நிமிடம் ஆகுமாம். "அஞ்சாவதுக்கு மட்டும்தானேக்கா?" என்றார்.

பல்லைக் கடித்துக்கொண்டு, "எல்லா ஸ்கிரீனுக்கும் போடு. எல்லா நாளைக்கும்" என்றாள்.

ஐந்தாம் திரையில் முப்பத்தொரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பதினைந்துக்குக் குறைந்தால் காட்சி ரத்து. முதல் காட்சியே ரத்தானால் சாயங்காலத்துக்குள் படத்தைத் தூக்கிவிடுவார்கள். படத்தை எடுத்த தங்கை கடைசி வரிசையில் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டிருந்தாள். எடுத்து முடிக்க மூன்று வருடம், ஒரு தியேட்டர் கிடைக்க ஒன்றரை வருடம். "நான் ரிலீஸ் பண்றேண்டி" என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தவள் அக்கா.

இரண்டு பேர் எழுந்தார்கள். பெட்டியக்கா விறுவிறுவென்று திரைக்கு முன்னால் போய் நின்றாள். மேடைப் பக்கமே போகாதவள், கோபத்தில் அதையும் மறந்துவிட்டாள்.

"படம் பூட்டிக் கிடக்கு. பாதித் தப்பு இவங்களோடது, பாதி என்னோடது. நாப்பது நிமிஷம் ஆகும். போறவங்க போகலாம். இருக்கறவங்களுக்கு நான் எப்படி இந்தத் தொழிலுக்கு வந்து மாட்டினேன்னு சொல்றேன்."

சொன்னாள். விநியோக ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தது, படப்பெட்டியைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போய்ப் பெட்டியக்கா ஆனது, "சின்னப் படத்தை எவன் பாப்பான்?" என்ற முதலாளியின் மேஜையில் ராஜினாமாவைப் போட்டது, முதல் படத்தை ஒருவன் திருட்டுத்தனமாக நான்கு காட்சி ஓட்டிக்கொண்டது. தன் கையால் ஒட்டிய போஸ்டரின் மேல், பசை காயும் முன்னே வேறொரு படத்து ஹீரோவின் முகம் ஏறியிருந்தது. அந்த முகத்தைக் கிழித்த நகத்தையும் காட்டினாள். அது இன்னும் கோணலாகத்தான் வளர்கிறது.

ஆட்கள் நழுவிக்கொண்டுதான் இருந்தார்கள். பேசிக்கொண்டே எண்ணினாள். இருபத்தைந்து. இருபத்திரண்டு. பத்தொன்பது.

"அந்த நாலு காட்சி ஓட்டினானே, அவனை என்னம்மா பண்ணீங்க?" என்று முன்வரிசையில் ஒரு பெரியவர் கேட்டார்.

"என்ன பண்றது? அவன் இன்னிக்கு நாலு தியேட்டருக்கு ஓனர்."

பெரியவர் தலையில் அடித்துக்கொண்டார். அப்போது மேலே புரொஜெக்டர் ரூமிலிருந்து, சாவி வந்துவிட்டதென்று ஆபரேட்டர் கையை அசைத்தார். விளக்கு அணைந்தது. தங்கை முகத்திலிருந்து கையை எடுத்தாள்.

பெட்டியக்கா கதவருகே போனபோது மேனேஜர் தலையை நீட்டினார். "அக்கா, கோச்சுக்காதீங்க. சாயங்காலக் காட்சியை மூணாவது ஸ்கிரீனுக்கு மாத்திட்டோம். நாளைக்கு எதுன்னு இன்னும் சொல்ல முடியாது."

இந்தத் தடவை அவள் குரல் இறங்கவில்லை. வராந்தா முழுக்கக் கேட்டது.

"மாத்துங்க! மூணுல போடுங்க, நாலுல போடுங்க, நீங்க எங்க தூக்கிப் போட்டாலும் என் தங்கச்சி படம் ஓடும். சாவி என்கிட்ட இருக்கு!"

அவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள். பத்தொன்பது பேரில் ஒருவரும் வெளியே போய்விடாதபடி, படம் முடியும்வரை அந்தக் கதவிலேயே சாய்ந்து நின்றாள்.