சின்னாளப்பட்டி கொள்ளு பன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப்போன டீயும்

திருச்சியில் மருந்துக்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் சொன்னார்: சின்னாளப்பட்டியில் ஒரு பேக்கரி இருக்கிறது, அங்கே பன் வாங்கினால் டீ தரமாட்டார்கள். நம்மூரில் பேக்கரி என்றாலே பாதி டீக்கடைதான். நம்ப முடியாமல், கடந்த ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் கிளம்பிவிட்டேன்.

திருச்சியிலிருந்து திண்டுக்கல் நூறு கிலோமீட்டர். பேருந்தில் இரண்டரை மணி நேரம், கட்டணம் தொண்ணூறு ரூபாய். அங்கிருந்து மதுரை சாலையில் பதினொரு கிலோமீட்டர் டவுன் பஸ். சின்னாளப்பட்டியில் இறங்கும்போது மாலை ஐந்து. பேக்கரியை நடத்துபவர் அமலி. வாசலில் டீ ஆற்றுவது அவர் கணவர் சவரிமுத்து.

“பன்னா, டீயா சார்? ரெண்டையும் சேத்துக் கேக்காதீங்க. உள்ள அம்மா இருக்காங்க” என்றார் சவரிமுத்து. அம்மா என்றது மனைவியைத்தான்.

பன் கேட்டேன். பதினைந்து ரூபாய். சாதாரண பன்னைவிட நிறம் மங்கல், எடை கூடுதல், வறுத்த கொள்ளின் வாசனை. கூடவே ஒரு துண்டு ஆயக்குடி கொய்யா. அதற்குக் காசில்லை.

நான்கு பங்கு கோதுமைக்கு ஒரு பங்கு கொள்ளு. கொள்ளை முளைகட்டி, காயவைத்து, அரைத்துச் சேர்க்கிறார்கள். பிசைந்த மாவை இரவு முழுக்கப் புளிக்க விடுகிறார்கள். முளைகட்டிப் புளிக்க வைத்தால், கொள்ளில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் கூடுதலாகச் சேரும்.

“மொத வாரம் போட்டதெல்லாம் கல்லு சார்” என்றார் அமலி. “தெரு நாய்க்குப் போட்டேன். மோந்து பாத்துட்டு அது பாட்டுக்குப் போயிருச்சு.”

இத்தனை பாடும் தங்கை ரோசிக்காக. ரோசிக்கு நிலக்கோட்டையில் பூ வியாபாரம். கர்ப்பப்பையில் கட்டி வந்து, மாதாமாதம் ரத்தம் நிறையப் போய்க்கொண்டிருந்தது. கட்டியை எடுக்க வேண்டும். ஆனால் ரத்தத்தில் ஹீமோகுளோபின் எட்டை ஒட்டியே நின்றது. குறைந்தது பத்து வேண்டும் என்று மருத்துவமனையில் இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். தள்ளிப்போகப் போக ரத்தம் இன்னும் குறையும். இரும்புச்சத்து மாத்திரை வெறும் வயிற்றில் ஒத்துக்கொள்ளவில்லை. விடியற்காலைச் சந்தையில் ரோசி சாப்பிடுவது பன் ஒன்றுதான். அதனால் அக்கா பன்னையே மாற்றினார்.

இரண்டு மாதம் ரோசி கொள்ளு பன் தின்றார். 8.1 இருந்தது 8.3 ஆனது. அமலி கொள்ளு மூட்டையை விற்றுவிடும் முடிவுக்கு வந்துவிட்டார். அப்போதுதான் மருத்துவமனை நர்ஸ் ஒருவர், பன்னை எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்.

“டீல முக்கித்தான். பன்ன வேற எப்பிடித் திம்பாக?” என்றாராம் ரோசி. மாத்திரையையும் அதே டீயில்தான் விழுங்கியிருக்கிறார். உணவிலும் மாத்திரையிலும் உள்ள இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுப்பது டீ. கொய்யாவும் எலுமிச்சையும் சேரவைக்கும்.

அன்றிலிருந்து கடையில் புதுச் சட்டம். கொள்ளு பன்னுக்குக் கொய்யா, டீ ஒரு மணி நேரம் கழித்து. சவரிமுத்துவின் வியாபாரம் அடிவாங்கியது.

“பேசாம நானும் கொய்யாப்பழம் விக்கப் போறேன்னு சண்டை போட்டேன் சார்” என்றார் அவர்.

“போயிருந்தா அதையாச்சும் உருப்படியாச் செஞ்சிருப்பீக” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

டீயைத் தள்ளிவைத்து மூன்று மாதம் கழித்து ரோசிக்கு எடுத்த பரிசோதனையின் முடிவு மறுநாள் வர இருந்தது. நானும் வருகிறேன் என்றேன். திண்டுக்கல் திரும்பி, அறுநூறு ரூபாய் அறையில் தங்கினேன்.

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு, சின்னாளப்பட்டியிலிருந்து பன் தட்டுகள் ஏற்றிய வேனில் அமலியோடு கிளம்பினேன். நிலக்கோட்டை போக முக்கால் மணி நேரம். முகூர்த்த நாள் என்பதால் சந்தையில் மல்லிகைக்கு ஏக கிராக்கி. ரோசி மூட்டைமேல் உட்கார்ந்து பன்னையும் கொய்யாவையும் மாற்றி மாற்றிக் கடித்துக்கொண்டிருந்தார்.

பக்கத்துக் கடைக்காரர் டீயை உறிஞ்சியபடி சீண்டினார். “காய்ச்சக்காரியாட்டம் வெறும் பன்னத் திங்கிறியே ரோசி. ஒரு வாய் டீ குடிச்சாத்தான் என்ன?”

“ஆப்பரேசன் முடிச்சு வந்து உங்க கணக்குல குடிக்கிறேண்ணே. அம்புட்டையும் எழுதி வைங்க” என்றார் ரோசி, பூவை அள்ளியபடியே.

பத்து மணிக்கு மருத்துவமனையில் டாக்டர் முடிவைப் பார்த்தார். 10.6. அடுத்த வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்துகொள்ளச் சொன்னார். ரோசி மறுபடி ஒருமுறை எண்ணைக் கேட்டுக்கொண்டார். வெளியே வந்ததும் அக்காளின் தோளில் சற்று நேரம் சாய்ந்து நின்றார். பிறகு போனை எடுத்தார்.

“மாமா, பத்தத் தாண்டிருச்சு.”

சவரிமுத்துவின் குரல் எனக்கும் கேட்டது. “அப்ப இன்னைக்குக் கடையில எல்லாருக்கும் டீ நம்ம செலவு.”

அமலி போனைப் பிடுங்கினார். “குடுங்க. பன்னு தின்னவுகளுக்கு மட்டும் ஒரு மணி நேரம் கழிச்சு.”

இதை முழுக்கப் பன்னின் வெற்றி என்று எழுதினால் பொய்யாகிவிடும். மாத்திரையும் விடாமல் நடந்தது. ஆனால் டீயை முதலில் தள்ளிவைத்தது அந்தப் பன்தான். மருந்தும் உணவும் ஒன்றுக்கொன்று துணை போக வேண்டுமென்று ஒரு பேக்கரி எடுத்துக்காட்டியதை, ஊர் ஊராகப் போய்ச் சாப்பாட்டைப் பற்றி எழுதும் என் வேலையில் இதற்கு முன் பார்த்ததில்லை.

போக நினைப்பவர்களுக்கு: பன் காலை ஏழுக்கும் மாலை நாலுக்கும் சூடாகக் கிடைக்கும். ஞாயிறு காலை சர்ச்சில் பூசை முடிந்துதான் கடை திறப்பார்கள். பன் மூன்று நாள் தாங்கும். நான்கு பன்னுக்கு மேல் வாங்குவதானால் முதல் நாளே சொல்ல வேண்டும். சோர்வாக இருப்பவர்கள் பன் வாங்குவதற்கு முன் ரத்தத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

நிலக்கோட்டைச் சந்தைக்குப் போனால் ஏழு மணிக்குள் போய்விடுங்கள். ரோசிக்கு அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, இப்போது வியாபாரத்துக்கு வந்துவிட்டார். எட்டு மணிக்கு மேல் அவரிடம் பூ மிஞ்சுவதில்லை.