அல்பிரட் வைத்த பட்டப்பெயர்

பாரிசின் ரூ காய் தெருவில் உள்ள தேநீர்க் கடையில் ஞாயிற்றுக்கிழமைகளில் உதைபந்தாட்டம் பார்க்கிறவர்களுக்கு அல்பிரட் இல்லாவிட்டால் ஆட்டம் சப்பென்று இருக்கும். பாரிசுக்கு வருமுன் நாலு வருடம் கிழக்கு லண்டனில் கோப்பை கழுவியவர். அங்குள்ள வெள்ளைக்காரர் வேடிக்கைக்குப் பேசும் ஒரு பாஷையைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். சொல்ல நினைத்ததைச் சொல்லக் கூடாது. அதோடு ஓசை ஒத்த இன்னொரு சொல்லை எடுத்து, அதன் முன்பாதியை மட்டும் சொல்ல வேண்டும். கோலுக்கு ஓசை ஒத்தது பால். பசும்பால். ஆகவே கோல் விழுந்தால், “பசு! பசு!” என்று கடையே கத்தும்.

2010 ஆனி மாதம், உலகக் கிண்ணத்தின் நடுவே, பயிற்சியாளரோடு முரண்பட்ட ஒருவரைப் பிரெஞ்சு அணி வீட்டுக்கு அனுப்பியது. மற்ற வீரர்கள் பயிற்சி செய்ய மறுத்து பஸ்ஸுக்குள் போய் இருந்துகொண்டார்கள். கடையில் ஒரே கேலி.

“கோடி கோடியாய் உழைக்கிறவங்களுக்கு ஸ்ரைக் ஒண்டு கேடு,” என்றார் அல்பிரட்.

“ஒருத்தனை அனுப்பினா மற்றவை சும்மா இருக்கேலுமே அண்ணை?” என்று மூலையிலிருந்து ஒரு குரல் கேட்டது. வாமதேவன். வன்னியிலிருந்து வந்து ஒரு வருடமாகவில்லை. அல்பிரட் சமைக்கும் உணவகத்தில் கோப்பை கழுவுகிறான். யாராவது குரலை உயர்த்தினால் தலையைக் குனிந்துகொள்வான்.

“உமக்கேன் இந்தக் கதை? நீர் கதலியெல்லோ!”

கடை வெடித்துச் சிரித்தது. கோழைக்கு ஓசை ஒத்தது வாழை. கதலிவாழை. வாமதேவனுக்கு அந்த விளையாட்டு இன்னும் பிடிபடவில்லை. ஏன் கதலி என்று கேட்டான்.

“இனிப்பான பிள்ளை எண்டு,” என்றார் அல்பிரட். அவனும் சிரித்தான். அன்றிலிருந்து எல்லாருக்கும் அவன் கதலி.

புரட்டாதியில், உணவகத்தில் மரக்கறி வெட்டும் மரியகொறற்றியை முதலாளி வேலையால் நிறுத்திவிட்டார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் வராததுதான் குற்றம். நாளைக்கு ஒருவரும் ஏப்ரன் கட்டுவதில்லை, வெளியே நிற்போம் என்று குசினியில் இருந்த இரண்டு சமையல்காரரும் வாமதேவனும் பேசிக்கொண்டார்கள். அதிகம் பேசியவர் அல்பிரட்.

மறுநாள் காலையில் அல்பிரட்டுக்கு முதலாளி போன் எடுத்தார்.

“விசாவுக்கு வேலைக் கடிதம் கேட்டனீரெல்லோ?” அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அல்பிரட் பின்கதவால் உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் மற்றச் சமையல்காரரும் வந்தார். லீக்ஸ் வெட்டியபடி அல்பிரட் யன்னல் கண்ணாடியால் பார்த்தார். எதிர் நடைபாதையில் மரியகொறற்றியும் வாமதேவனும் நின்றார்கள். வாமதேவன் ஒரு தரம் நேரே அவரைப் பார்த்தான். அவர் குனிந்துகொண்டார். மத்தியானம் வரை நின்றார்கள். அவனுக்கும் வேலை போயிற்று.

அந்த ஞாயிறு கடைக்குப் போக அல்பிரட்டுக்குக் கால் வரவில்லை. போகாவிட்டால் கதை வரும் என்று போனார். பின்னேரம் ஸ்தேன் புறநகரில் தான் விளையாட இருந்த ஆட்டத்துக்குப் போகிற வழியில் வாமதேவனும் வந்தான்.

“உங்களுக்கு விசா அலுவல் எண்டு தெரியும் அண்ணை, அதை விடுங்கோ. இதைப் பாருங்கோ.” திரும்பி நின்றான். புதுச் சட்டையின் முதுகில் பெரிய பிரெஞ்சு எழுத்துகளில் ‘கதலி’ என்று அடித்திருந்தது. “நீங்கள் வைச்ச பேர்.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அல்பிரட்டுக்குக் காது இரண்டும் சுட்டது. அவனை வெளியே கூட்டிப்போய், தெருவைப் பார்த்தபடி பொருளைச் சொன்னார்.

“வாழை... கோழை,” என்று அவன் வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். “எல்லாருக்கும் தெரியுமே?”

“ஓம்.”

“அண்டைக்குக் கண்ணாடியாலை பாத்தியள். அப்பவும் என்னை அப்பிடித்தான் நினைச்சனீங்களோ?”

இல்லை என்று சொன்னால் தன்னைப் பற்றியும் சொல்ல வேண்டி வரும். அல்பிரட் கடைக்கதவைப் பார்த்துத் திரும்பினார். வாமதேவன் போய்விட்டான். அன்று சட்டையின் உட்பக்கம் வெளியே வரப் போட்டுக்கொண்டு விளையாடினானாம்.

வேலைக் கடிதம் கிடைத்தது, விசாவும் கிடைத்தது. மனைவி மார்கிரட் கேக் வாங்கி வந்தாள். அவர் அதைத் தொடவில்லை. கடைக்குப் போவது நின்றது.

2018இல் பிரான்ஸ் கிண்ணம் வென்ற அன்று, லா ஷப்பல் தெருவெல்லாம் கொடியும் ஹோர்னுமாக இருந்தபோது, தோளில் மகளைத் தூக்கிக்கொண்டு வாமதேவன் எதிரே வந்தான்.

“சுகமே அண்ணை?”

“என்னை மன்னிச்சுக்கொள்ளடா,” என்றார் அல்பிரட். இரைச்சலில் அவனுக்குக் கேட்கவில்லை.

“என்ன அண்ணை?”

“ஒண்டுமில்லை. சனம் கூட, பிள்ளை கவனம்.”