தொடைக்கு ஏற்ற மின்சாரம்

மார்கிலான் ஊரில் நன்றி சொல்வதில் ஹுர்சனாயை மிஞ்ச ஆள் கிடையாது. கணவர் போன பிறகு தந்தூர் அடுப்பில் ரொட்டி சுட்டே மகள்களைக் கரையேற்றியவள். ரொட்டி வாங்குகிறவனுக்கும் நன்றி, விலை கேட்டுவிட்டு நடையைக் கட்டுகிறவனுக்கும் நன்றி.

முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு வலது தொடை சூம்பிப்போனது. தந்தூருக்குள் இடுப்புவரை குனிந்து, மாவைச் சுவரில் அறைந்துவிட்டு நிமிர வேண்டும். நடுவில் கால் மடங்கினால் தலைகுப்புற நெருப்பில்தான். அடுப்பை இடித்துவிடலாம் என்று மகள்கள் பேச ஆரம்பித்திருந்தார்கள். அடுப்பு போனால் தானும் போன மாதிரிதான் என்று அவளுக்குப் பட்டது.

மருத்துவமனையில் இயன்முறை சிகிச்சை தரும் நஃபீசா என்ற இளம்பெண், சூம்பிய சதையை இறுக்கி வளர்க்க, தொடையில் இரண்டு பட்டைகளை ஒட்டி மின்சாரத்தைக் கூட்டுவாள்.

"எப்படி இருக்கு, அக்கா?"

"ரொம்ப நல்லா இருக்கு கண்ணு. நீ நல்லா இருக்கணும்."

நல்லாவாவது! தேள் கொட்டுவதுபோல் இருந்தது. ஆனால் நமக்காக ஒருத்தி செய்வதைக் குறை சொல்வதா? அவள் வளர்ந்த வீட்டில் அதைவிட மரியாதைக்கேடு வேறில்லை. வலிக்குப் பயந்து கால் முழுவதும் விறைத்துக்கொண்டது. வாரங்கள் ஓடின, தொடை தேறவேயில்லை.

ஒருநாள் அவள் விரிப்பைக் கசக்கிப் பிடித்திருப்பதை நஃபீசா பார்த்துவிட்டாள். சட்டென்று இயந்திரத்தை நிறுத்தினாள்.

"வலிக்குதா இல்லையா? உண்மையச் சொல்லுங்க."

"ஏதோ... லேசா."

"லேசாவா? கருகின ரொட்டியத் தின்னுட்டு பிரமாதம்னு சொல்லிட்டுப் போறவனால உங்களுக்கு என்னக்கா பிரயோஜனம்? நீங்க திட்டினாத்தானே எனக்கு வழி தெரியும்!"

சிறிய பட்டைகளை எடுத்துவிட்டுப் பெரியவற்றை ஒட்டினாள். மின்சாரம் ஒரேயடியாகப் பாயாமல் மெல்ல ஏறும்படி வைத்தாள். ஒவ்வொரு இறுக்கத்துக்குப் பிறகும் நீண்ட ஓய்வு. கூட்டிக் குறைக்கும் குமிழை ஹுர்சனாயின் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

அவ்வளவுதான், ஹுர்சனாய்க்கு வாய் திறந்துகொண்டது.

"ஏண்டி, இங்க ஊசி குத்துது. பட்டையத் தள்ளி ஒட்டு."

"ஒட்டியாச்சு. மின்சாரத் துடிப்பையும் குறைச்சிருக்கேன்."

"இப்ப எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. இதுல சதை எங்க வளரும்?"

"அடேயப்பா! சரி, பழைய துடிப்பே இருக்கட்டும். நீங்க கூட்டுங்க."

கூட்டினாள். முன்தொடை கல்லாக இறுகியது. வலி தாங்கும்படிதான் இருந்தது. கையிலிருந்த குமிழைப் பார்த்தால், அதன் முள் முன்பு இருந்ததைவிட மேலே நின்றது. குறை சொல்லச் சொல்லத்தான் கால் தேறியது.

இலந்தை பழுக்கும் காலத்தில், நஃபீசா பக்கத்தில் நிற்க, ஹுர்சனாய் அடுப்புக்குள் குனிந்தாள். அனல் முகத்தில் அறைந்தது. மாவை ஒட்டினாள். தொடை தானாகவே இறுகி அவளை மேலே தூக்கியது.

மாவுக் கையோடு நஃபீசாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். "உன்னாலதான்டி நெருப்புக்குள்ள விட்ட தலைய வெளிய எடுத்திருக்கேன்."

"விடுங்கக்கா, உள்ள ரொட்டி கருகுது!"

"கருகட்டும்டி, இன்னைக்கு ஒண்ணு கருகட்டும்," என்றாள் ஹுர்சனாய், பிடியை விடாமல்.