தமிழில் விளக்கம் கேட்க வந்தவர்

கண்டியில் ஓர் அருங்காட்சியகத்தில் வெளிநாட்டுத் திரைப்பட இயக்குநர் ஒருவரைப் பற்றிய கண்காட்சி நடந்தது. படம் எடுக்க இலங்கைக்கு வந்தவர், தென்கரையில் வீடு வாங்கி, சாகும்வரை ஆண்டுதோறும் வந்து தங்கியிருக்கிறார். கண்காட்சியில் தமிழில் விளக்கம் சொல்ல என்னைத் தற்காலிகமாக வேலைக்கு எடுத்தார்கள். நாவலப்பிட்டியில் அம்மா இறந்த பிறகு, கட்டுகஸ்தோட்டையில் ஒரு போர்டிங் அறையில் தனியாக இருந்தேன். நாள் முழுக்கப் பேசுகிற வேலை என்பதாலேயே சம்மதித்தேன்.

ஆனால் பேச ஆள் வரவில்லை. சிங்களத்தில் விளக்கம் சொன்னவர்களுக்குத் தண்ணீர் குடிக்க நேரமில்லை. தமிழ்க் குடும்பங்கள் வந்தாலும் போனில் படம் பிடித்துக்கொண்டு போய்விடும். இயக்குநரின் மழைக்கோட்டு தொங்கிய கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் உட்கார்ந்திருப்பேன். படித்ததெல்லாம் மறந்துவிடுமோ என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்ப்பேன்.

ஒரு மத்தியானம், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்த பெண் ஒருவர் கையில் சாப்பாட்டுக் கூடையோடு வந்து நின்றார்.

"தமிழில சொல்லுறதுக்கு ஆரும் இருக்கினமோ, தங்கச்சி?"

"நான்தான்க்கா. வாங்க, வாங்க." எழுந்த வேகத்தில் கதிரை பின்னால் சாய்ந்தது.

"ஆறுதலாச் சொல்லுங்கோ. பின்னேரம் வரைக்கும் எனக்கு வேலை இல்லை."

வவுனியாவிலிருந்து அவர் கணவரைக் கண்டி ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருந்தார்கள். சிறுநீரகக் கோளாறு. மத்தியானம் பார்த்துவிட்டு வெளியே வந்தால், மாலையில் மறுபடி உள்ளே விடும்வரை அவருக்குப் போக்கிடமில்லை. சிங்களமும் தெரியாது.

கமராவைக் காட்டினேன், கடற்கரை வீட்டுப் படங்களைக் காட்டினேன். அவர் ஒவ்வொன்றின் முன்னாலும் நெடுநேரம் நின்றார்.

"இந்த மனுசனுக்கு ஒருத்தரும் இல்லையோ? எல்லாப் படத்திலயும் தனியத்தான் நிக்கிறார்."

"பெண்சாதி அவர் நாட்டில இருந்தாங்களாம். இங்க வந்தாத்தான் அவருக்கு நிம்மதியாம்க்கா."

"அவருக்கு நிம்மதி. ஊரில இருந்த மனுசி என்ன செய்தாவாம்?"

எனக்குத் தந்த குறிப்புகளில் அது இல்லை. இருவரும் சிரித்துவிட்டோம். சேர்ந்து சிரிக்க ஆள் கிடைத்து எவ்வளவு காலம் ஆகியிருந்தது!

மறுநாளும் வந்தார், அதற்கடுத்த நாளும் வந்தார். அன்று விளக்கம் எதுவும் கேட்கவில்லை. பின்பக்கப் படியில் உட்கார்ந்து புட்டுப் பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் தள்ளினார்.

"அவருக்குக் கொண்டுபோனது. ஒரு வாயும் வைக்கேல்லை. நாளைக்கு ஒப்பரேசன்."

"சரியாயிரும்க்கா" என்றேன். இருவரும் அந்தப் புட்டைச் சாப்பிட்டோம்.

பிறகு அவர் வரவில்லை. வாசலில் யாருடைய சேலை தெரிந்தாலும் அவர்தானோ என்று எழுந்துவிடுவேன். கண்காட்சி முடிந்து, படங்களைக் கழற்றிப் பெட்டியில் அடுக்கிய அன்று மாலை ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

சிறுநீரக நோயாளிகளின் வாட்டில் தாதி நோயாளியின் பெயரைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அக்காவின் பெயரும் தெரியாது. அக்கா, தங்கச்சி என்றே பேசியிருந்தோம்.

"வவுனியாவில் இருந்து வந்தவர்" என்றேன் சிங்களத்தில்.

"அங்கிருந்து எத்தனையோ பேர் வருகிறார்கள், போகிறார்கள்" என்றார் அவர்.

போனவர்கள் வீட்டுக்குத்தானா என்று கேட்கத் துணிவு வரவில்லை. கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். கடைசிக் கட்டிலில், யாரும் பார்க்க வராத ஒரு கிழவர் சைகையால் தண்ணீர் கேட்டார். ஊற்றிக் கொடுத்துவிட்டு, அவர் குடித்து முடிக்கும்வரை நின்றேன். பிறகு கட்டுகஸ்தோட்டை பஸ்ஸைப் பிடிக்க இறங்கி நடந்தேன்.