நான் திருப்பிய அரைச் சுற்று

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் துரைமார் பங்களாக்களுக்கு மின்விளக்கு போட்ட காலத்தில், ஒயரிங் வேலைக்கு எங்களை இரண்டிரண்டு பேராக அனுப்புவார்கள். என் ஜோடிக்காரன் தொழிலாளர் லைன் வீட்டு வரிசையில் எனக்கு அடுத்த கதவு. அவன் செய்த வேலையில் யாரும் குறை சொன்னதில்லை. நான் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். எதைச் செய்தாலும் சரியாகச் செய்தோமா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

கேபிளுக்கு மேலே இரும்புத் தகடு சுற்றியிருக்கும். பெட்டிக்குள் நுழைகிற இடத்தில் தகட்டை அறுத்து, அறுத்த முனை உள்ளே இருக்கும் ரப்பரில் படாமல் ஒரு வளையம் செருகி, மேலே கிளாம்பு போட்டு முடுக்க வேண்டும். கேபிள் அசையாத அளவுக்கு முடுக்கினால் போதும். அந்தப் 'போதும்' எனக்கு ஒருநாளும் பிடிபடவில்லை.

"கேபிளு இன்னா ஓடியா பூடும்? மூச்சு வுட கொஞ்சம் எடம் குடு மச்சான்" என்பான்.

ஒரு பங்களாவில் சாப்பாட்டு அறைப் பெட்டியை அவன் முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனான். நான் கேபிளை இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. அசைந்ததோ என்று ஒரு சந்தேகம். திருப்புளியை எடுத்து அரைச் சுற்று திருப்பினேன். மனசு கேட்காமல் இன்னொரு அரைச் சுற்று. அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பான்.

மூன்றாம் நாள் அந்த வீட்டில் ஃபியூஸ் போயிற்று. ஃபோர்மேன் எங்களை வைத்துக்கொண்டே பெட்டியைத் திறந்தார். கிளாம்புக்கு அடியில் கேபிள் நசுங்கி, வளையம் பிளந்து, தகட்டு முனை ரப்பரைக் கிழித்திருந்தது. யார் போட்டது என்று கேட்டார். "நான்தாங்க" என்றான் அவன். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஃபோர்மேன் அவனை அன்றைக்கே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

திரும்பி நடக்கும்போது அவன் யாரையும் திட்டவில்லை. வலது கையை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டே வந்தான்.

"அவ்ளோ முடுக்கலியே மச்சான். என் கைக்கு இன்னா ஆச்சி?"

எல்லாருக்கும் நடப்பதுதான் என்று நான் ஆறுதல் சொன்னேன். சொல்லியிருக்கவே கூடாத சொல் அது.

மறுவாரம் கேஜில் சுரங்கத்துக்குள் இறங்கிக் கல் அள்ளப் போனான். கொஞ்ச காலம் கழித்துக் பக்கத்துச் சுரங்கமான கோரமண்டலில் ஒயரிங்குக்கு ஆள் கேட்கிறார்கள் என்று தெரிந்து, அவன் வீட்டுக்கு ஓடினேன். அவன் காலில் இருந்த மண்ணைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"வேணாம் மச்சான். என் கைய நானே நம்பல" என்றான்.

முடுக்கியது நான்தான் என்று வாய்வரை வந்துவிட்டது. அவன் மனைவி வாசலில் நின்றிருந்தாள் என்பதைச் சாக்காக வைத்துக்கொண்டு, யோசித்துச் சொல் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.